டோடோவின் தலை ஏன் மாட்டுகிறது? பிஸ்கட் கட்டர் கோளாறுகளும் சரிசெய்யும் வழியும்

மார்ச் மாதம் பிறந்தால் எனக்கு ஒரே மாதிரி அழைப்புகள் வரும். 12ஆம் தேதி இங்கே மொரீஷியஸில் சுதந்திர தினம். இந்தத் தீவில் வாழ்ந்து அழிந்துபோன டோடோ பறவையின் உருவத்தில் பிஸ்கட் செய்து பள்ளிக்குக் கொண்டுபோகப் பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். அம்மாமார் டோடோ கட்டர் வாங்கி, மாவு பிசைந்து, தேய்த்து, அழுத்தி எடுத்தால் உடம்பு மட்டும் மேசையில் இருக்கும். தலை கட்டருக்குள்ளேயே தங்கிவிடும். உடனே போன். "அக்கா, இந்தக் கட்டர் சரியில்லை. நீங்கள் எங்கே வாங்கினீர்கள்?"

கட்டர் மேல் பெரும்பாலும் குற்றமில்லை. நானும் அப்படி நினைத்து மூன்று டோடோ வாங்கியவள்தான். தகரத்தில் ஒன்று, பிளாஸ்டிக்கில் ஒன்று, த்ரீடி பிரிண்டரில் செய்த ஒன்று. மூன்றிலும் தலை மாட்டியது. அப்புறம்தான் மாவைத் தொட்டுப் பார்க்கத் தோன்றியது. வெண்ணெய் உருகிக் கை முழுக்க எண்ணெய்!

பிஸ்கட் கட்டருக்கு மொரீஷியஸில் வழங்கும் பிரெஞ்சுப் பெயர் அம்போர்த்-பியேஸ். என் மாமியார் முறுக்குக்கும் இதற்கும் சேர்த்து அச்சு என்றே சொல்வார். நான் கட்டர் என்றே எழுதுகிறேன். உங்கள் வீட்டில் என்ன கோளாறோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். காசு செலவில்லாத காரணம் முதலில் வரும். ஆளைக் கூப்பிட வேண்டியது கடைசியில்.

## எந்தக் கோளாறானாலும் முதலில் இரண்டு சோதனை

தேய்த்த மாவில் விரலை மெதுவாக அழுத்தி எடுங்கள்.

குழி விழுந்து, விரல் காய்ந்தே இருந்தால் மாவு சரி. விரலில் எண்ணெய் மினுமினுத்தால் மாவு சூடாகிவிட்டது; 'கட்டருக்குள்ளேயே தங்கிவிடுகிறது' என்ற பகுதியைப் பாருங்கள். குழியைச் சுற்றி விரிசல் ஓடினால் மாவு மிகக் குளிர்ந்திருக்கிறது அல்லது வறண்டிருக்கிறது. 'தேய்க்கும்போதே விரிசல்' என்ற பகுதி உங்களுக்கு.

இரண்டாவது, கட்டரைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள். தகரக் கட்டரில் ஒரு விளிம்பு மடித்து உருண்டையாக இருக்கும், அது உள்ளங்கைக்கு. மெல்லிய விளிம்பு மாவுக்கு. என் நாத்தனார் வட்டக் கட்டரை ஆறு மாதம் தலைகீழாகவே அழுத்திக்கொண்டிருந்தார். "விளிம்பு மொட்டையாக இருக்கிறதே" என்று என்னிடம் குறைப்பட்டும் கொண்டார்.

## மாவு கட்டருக்குள்ளேயே தங்கிவிடுகிறது

### விரல் மினுமினுக்கிறது என்றால்

வெண்ணெய் 20 டிகிரியில் இளகி, 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். ஜனவரி, பிப்ரவரியில் கடலோரச் சமையலறை மதிய வேளையில் 30ஐத் தாண்டும். பக்கத்தில் ஓவனையும் சூடாக்கி வைத்திருந்தால் உங்கள் மாவு பிஸ்கட்டாவதற்கு முன்பே உருக ஆரம்பித்துவிடும். நான் கடற்கரை ஊரான கிராண்ட் பேயில் இருந்தபோது இதோடுதான் மல்லுக்கட்டினேன். மேட்டு நிலத்து ஊரான வாக்வாவுக்குக் குடிவந்த பிறகு அதே மாவு, அதே கட்டர், பாதிப் பிரச்சினை தானாகப் போய்விட்டது. இங்கே நாலைந்து டிகிரி குறைவு, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதற்குப் பலரும் செய்வது மாவை உருண்டையாக்கி ஃபிரிட்ஜில் வைப்பது. உருண்டையின் நடுப்பகுதி குளிர இரண்டு மணி நேரம் ஆகும். வெளியே எடுத்தால் கல் மாதிரி இருக்கும். அதை அடித்துத் தேய்த்து முடிப்பதற்குள் மறுபடியும் சூடாகிவிடும். போன இடத்துக்கே திரும்பி வந்தாயிற்று.

வரிசையை மாற்றுங்கள். மாவு பிசைந்த உடனே, மிருதுவாக இருக்கும்போதே, இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவில் வைத்துத் தேய்த்துவிடுங்கள். தேய்த்த தகட்டை அப்படியே ஒரு தட்டில் கிடத்தி ஃபிரிட்ஜில் அரை மணி நேரம், அவசரமென்றால் ஃப்ரீசரில் பத்து நிமிடம். எடுத்தவுடன் வெட்டுங்கள். தகடு மெல்லிசாக இருப்பதால் சீக்கிரம் குளிரும். தேய்க்கிற வேலை முடிந்துவிட்டதால் மறுபடி சூடாக வழியுமில்லை. இரண்டு தகடு வைத்துக்கொண்டு ஒன்றை வெட்டும்போது மற்றதை உள்ளே வைத்தால் நடுக்கோடையிலும் சமாளிக்கலாம்.

அதோடு ஓவனைக் கடைசியில் பற்றவையுங்கள். வெட்டி முடித்துத் தட்டுகளை ஃபிரிட்ஜில் வைத்த பிறகு சூடாக்கினால் போதும். சிலருக்குக் கையே சூடு, எனக்கும் அப்படித்தான். மாவை உள்ளங்கையால் பிசையாமல் விரல் நுனியால் சேர்த்தால் வித்தியாசம் தெரியும்.

மாவு ஒட்டுகிறதே என்று மேலும் மேலும் மைதா தூவுவது மட்டும் வேண்டாம். அன்றைக்கு ஒட்டாது, உண்மைதான். வெந்ததும் பிஸ்கட் மேல் வெள்ளைப் படலமும் வாயில் மாவு ருசியும் இருக்கும்.

### விரல் காய்ந்திருக்கிறது, ஆனாலும் ஒட்டுகிறது என்றால்

கட்டரின் உள் மூலையைப் பாருங்கள். போன முறை மாவு அங்கே காய்ந்து ஒட்டியிருக்கும். புது மாவு பழைய மாவைத்தான் முதலில் பிடித்துக்கொள்ளும். பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.

சுத்தமாக இருந்தும் ஒட்டினால் ஒரு தட்டில் கொஞ்சம் மைதா பரப்பி, கட்டரை அதில் தொட்டு, தட்டி உதறிவிட்டு அழுத்துங்கள். இரண்டு மூன்று வெட்டுக்கு ஒருமுறை தொட்டால் போதும். சாக்லேட் மாவானால் மைதாவுக்குப் பதில் கோகோ பொடி. இல்லாவிட்டால் கரும்பிஸ்கட்டில் வெள்ளைக் கோடு விழும்.

அழுத்தும் விதமும் முக்கியம். நேராகக் கீழே, பலகையைத் தொடும்வரை. தொட்டதும் கட்டரை இடமும் வலமும் ஒரு நூல் அளவு அசைத்துவிட்டு எடுங்கள். வட்டம் என்றால் லேசாகத் திருகலாம், தப்பில்லை. டோடோவைத் திருகினால் கழுத்து முறியும்.

### வயிறு வருகிறது, தலையும் அலகும் மட்டும் வருவதில்லை என்றால்

டோடோ கட்டருக்கென்றே பிறந்த வியாதி இது. பெரிய வயிறு, குறுகிய கழுத்து, வளைந்த அலகு, குச்சிக் கால். வயிறு தன் பாரத்தில் விழுந்துவிடும், அலகு விழாது.

கட்டரை மாவோடு சேர்த்துத் தூக்கித் தட்டுக்கு மேல் பிடியுங்கள். பெயின்ட் பிரஷ்ஷின் மரக்காம்பாலோ குச்சியின் மொட்டை முனையாலோ முதலில் அலகைத் தள்ளுங்கள், பிறகு கழுத்து, பிறகு கால்கள். வயிறு கடைசி. பெரும்பாலானவர்கள் வயிற்றை முதலில் தள்ளுவதால்தான் தலை பிய்கிறது.

அதற்கும் மசியாவிட்டால் தேய்த்த மாவின் மேல் சமையலறையில் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து, அதன் மேலாகக் கட்டரை அழுத்துங்கள். தாள் கிழியாமல் மாவு வெட்டுப்படும். மேல் விளிம்பு சற்று உருண்டு வரும், பார்க்க அழகாகவே இருக்கும். பிள்ளைகளோடு செய்யும்போது நான் இதைத்தான் செய்கிறேன். தாளை உரித்தெடுக்க மட்டும் மறக்கக் கூடாது.

இன்னும் வரவில்லையா? அலகின் அகலத்தை அளந்து பாருங்கள். அலகு மாவின் தடிமனைவிடக் குறுகலாக இருந்தால் எந்த வித்தையும் பலிக்காது. மாவை 4 மில்லிமீட்டருக்குத் தேய்த்துப் பாருங்கள். அதற்கும் குறுகல் என்றால் அந்தக் கட்டர் அலமாரிக்கு அலங்காரம். த்ரீடி பிரிண்டரில் செய்ததானால் உள்பக்கம் வரிவரியாக இருக்கும், மாவு அதில் பிடித்துக்கொள்ளும், கழுவவும் சிரமம். என் மூன்றில் முதலில் ஒதுக்கியது அதைத்தான்.

## வெட்டு விளிம்பு பிய்ந்து, பிசிறாக வருகிறது

மாவில் பெரிய முந்திரித் துண்டோ உலர்ந்த திராட்சையோ இருந்தால் எந்தக் கட்டரும் அதை இழுத்துக்கொண்டுதான் போகும். பொடியாக நறுக்குங்கள், இது ஒரு நிமிட வேலை.

அப்படி எதுவும் இல்லையென்றால், வெட்டுவது கட்டரா, கண்ணாடிக் குவளையா? நம் வீடுகளில் குவளைதான் பாதி இடத்தில் கட்டர். குவளையின் விளிம்பு உருண்டை. அது மாவை வெட்டாமல் நசுக்கும், நசுங்கிய ஓரம் வெந்ததும் சரியும். பாட்டி காலத்தில் பால் டின்னின் இரண்டு பக்கத்தையும் எடுத்துவிட்டு வெட்டுவார்கள். நன்றாகத்தான் வெட்டும், மாவையும் விரலையும். விட்டுவிடுங்கள்.

கட்டர்தான், ஆனாலும் பிசிறு என்றால் விளிம்பின் மேல் விரலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். எங்காவது நெளிவோ பள்ளமோ இருந்தால் அந்த இடத்தில்தான் பிசிறும். பலகை மேல் வைத்தால் ஆடுகிறதா என்றும் பாருங்கள். ஆடினால் ஒரு பக்கம் மாவின் அடிவரை வெட்டவில்லை. மெல்லிய தகரத்தைக் கையாலேயே நிமிர்த்தலாம். பிளாஸ்டிக் வளைந்திருந்தால் புதிது வாங்குங்கள்.

## அடுப்பில் போனதும் உருவம் கரைகிறது

உள்ளே போகும்போது டோடோ, வெளியே வரும்போது மேகம். இதற்குக் கட்டர் பாவம், ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் காரணம் நாலைந்து இருப்பதால் ஊகித்து ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தால் ஒரு கிலோ வெண்ணெய் போய்விடும். நான் மூன்று பிஸ்கட்டில் முடித்துக்கொள்வேன்.

முதல் பிஸ்கட்டை வெட்டி ஃப்ரீசரில் 15 நிமிடம் வையுங்கள். இரண்டாவதை மேசை மேலேயே விடுங்கள். மூன்றாவதற்கு, ஒரு பிடி மாவில் ஒரு தேக்கரண்டி மைதா சேர்த்துப் பிசைந்து தேய்த்து வெட்டி, முதலாவதோடு ஃப்ரீசரில் சேருங்கள். மூன்றையும் ஒரே தட்டில் ஒன்றாக வேகவையுங்கள்.

### முதலாவது நின்றது, இரண்டாவது பரவியது என்றால்

சூடுதான் குற்றவாளி. இனி வெட்டிய பிஸ்கட்டுகளைத் தட்டோடு 15, 20 நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு நேராக ஓவனுக்கு. இதில் பலர் கோட்டைவிடும் இடம் இரண்டாம் ஈடு. முதல் ஈடு எடுத்த சூடான தட்டிலேயே அடுத்ததை அடுக்குவார்கள். மாவு தட்டில் பட்டதுமே வெண்ணெய் உருக ஆரம்பித்துவிடும். தட்டைத் திருப்பிப் போட்டுத் தண்ணீரில் காட்டித் துடைத்துவிட்டு அடுக்குங்கள், அல்லது இரண்டு தட்டு வைத்துக்கொள்ளுங்கள். தட்டில் நெய் தடவும் பழக்கமிருந்தால் அதையும் நிறுத்துங்கள். நெய் தடவிய தட்டு சறுக்குமரம் மாதிரி; பட்டர் பேப்பர் போதும்.

### முதல் இரண்டும் பரவின, மூன்றாவது மட்டும் நின்றது என்றால்

அளவில் கோளாறு. மைதா குறைந்திருக்கும். கப்பால் அளந்தீர்களா? அதே கப் தளர்வாக அள்ளினால் 120 கிராம், அமுக்கி அள்ளினால் 150 கிராம். நிறுத்துப் பாருங்கள், சண்டை முடிந்தது.

நிறுத்தும் பரவினால் வெண்ணெய்ப் பொட்டலத்தைத் திருப்பிப் படியுங்கள். வெண்ணெயில் கொழுப்பு 80 சதவீதம் அல்லது அதற்குச் சற்று மேல் இருக்கும். டப்பாவில் வரும், ரொட்டிக்குத் தடவும் மார்ஜரினில் பலவற்றில் கொழுப்பு குறைவு, தண்ணீர் அதிகம். அதில் செய்த டோடோ நிற்காது. கட்டியாக வரும் பேக்கிங் வகைக்கு மாறுங்கள்.

பேக்கிங் பவுடர் போட்டிருந்தால் அடுத்த முறை போடாதீர்கள். உருவம் வெட்டும் பிஸ்கட்டுக்கு உப்பல் எதிரி. வெண்ணெயையும் சர்க்கரையையும் மெஷினில் நுரைக்க நுரைக்க அடிப்பதும் அப்படியே. காற்று சேர்ந்தால் பரவும். கலந்தால் போதும்.

### மூன்றும் பரவின என்றால்

ஓவனைச் சந்தேகிக்கலாம். சூடு போதாவிட்டால் பிஸ்கட்டின் ஓரம் இறுகுவதற்கு முன்பே வெண்ணெய் உருகி ஓடிவிடும்.

ஓவனுக்குள் வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். இதற்குக் காசு செலவழிக்கத்தான் வேண்டும். நடுத்தட்டில் வைத்து, 180க்குத் திருப்பி, 20 நிமிடம் கழித்துப் படியுங்கள். பிறகு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தடவை.

எப்போதும் ஒரே அளவு, 15 அல்லது 20 டிகிரி, குறைவாகக் காட்டினால் பயமில்லை. குமிழை அவ்வளவு கூட்டி வையுங்கள். என் ஓவன் கதவில் '180 வேண்டுமென்றால் 200' என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது.

சூடு ஏறாமலே நின்றால் கதவைப் பாருங்கள். ஒரு தாள்துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். இழுக்கும்போது பிடிப்பு இருக்க வேண்டும். எந்தத் தடையுமில்லாமல் வழுக்கி வந்தால் ரப்பர் போய்விட்டது. அடைப்பு ரப்பரை மட்டும் மாற்றலாம்.

ஒருமுறை 150, ஒருமுறை 220 என்று தாறுமாறாகக் காட்டினாலோ, கம்பி ஒரு பாதி மட்டும் சிவந்தாலோ, ஃபியூஸ் அடிக்கடி போனாலோ பழுதுபார்ப்பவரைக் கூப்பிடுங்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் பார்க்கும் வேலை நமக்கு வேண்டாம். காஸ் ஓவனில் தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தாலும் ஆள்தான் பார்க்க வேண்டும். காஸ் வாடை வந்தால் பிஸ்கட்டை மறந்துவிட்டு சிலிண்டரை மூடுங்கள், ஜன்னலைத் திறங்கள், எந்த சுவிட்சையும் தொடாதீர்கள், வெளியே போய் நின்று கூப்பிடுங்கள்.

## வட்டமாக வெட்டினால் முட்டையாக வேகிறது

நாப்பொலிதேன் செய்கிறவர்களுக்கு இது பெரிய தலைவலி. இரண்டு வட்ட பிஸ்கட், நடுவில் ஜாம், மேலே இளஞ்சிவப்பு ஐசிங். ஒன்று வட்டம், ஒன்று முட்டை என்றால் ஓரம் பொருந்தாது. பொருந்தாத இடத்தில் ஐசிங் வழிந்து பாவாடை கட்டும். மாவில் முட்டையில்லை என்பதால் காவடி விரத நாட்களிலும் எங்கள் வீட்டில் கேட்பார்கள். அந்தப் பத்து நாட்களில் நான் வெட்டிய வட்டங்களுக்குக் கணக்கில்லை, ஆகவே இதில் கொஞ்சம் அனுபவம் உண்டு.

என் கணக்கு 500 கிராம் மைதாவுக்கு 350 கிராம் வெண்ணெய். மாவில் சர்க்கரை கிடையாது, இனிப்பு ஐசிங்கிலும் ஜாமிலும் வந்துவிடும். கட்டர் 4.5 சென்டிமீட்டர்.

முட்டையாவதற்கு முதல் காரணம் ஒரே திசையில் தேய்ப்பது. மாவு இழுபட்ட திசையில் திரும்பச் சுருங்கும். பட்டர் பேப்பரோடு சேர்த்து மாவை இரண்டு உருட்டலுக்கு ஒருமுறை கால்வட்டம் திருப்புங்கள். தேய்த்த பிறகு வெட்டுவதற்கு முன் 20 நிமிடம் ஃபிரிட்ஜில் ஓய்வு கொடுங்கள்.

இரண்டாவது காரணம் மிச்ச மாவு. வெட்டி மிஞ்சிய துண்டுகளை உருண்டை பிடித்துப் பிசைந்தால் மாவு ரப்பராகும். பிசையாதீர்கள். துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, பேப்பரைப் போட்டு அழுத்தித் தேய்த்து ஒட்டவையுங்கள். முதலிலேயே கட்டரை ஒட்டி ஒட்டி வெட்டினால் மிச்சமே குறையும். மறுமுறை தேய்த்ததை நான் அடிப்பக்கத்துக்கும் முதல் தகட்டில் வெட்டியதை மேல்பக்கத்துக்கும் வைப்பேன். அடிப்பக்கம் கொஞ்சம் கோணலானால் யாருக்குத் தெரியப்போகிறது?

மூன்றாவது, கட்டரே முட்டையாக இருப்பது. இழுப்பறையில் அம்மிக்கல் மாதிரி பாரமான சாமானுக்கு அடியில் கிடந்தால் தகரம் நசுங்கிப்போகும். ஒரு அளவுகோலால் குறுக்கும் நெடுக்கும் அளந்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் சரியான பருமனுள்ள ஜாம் பாட்டிலில் மாட்டி மெதுவாக அழுத்தினால் நிமிர்ந்துவிடும்.

வேகும் சூடு 150 முதல் 160 டிகிரி, 20 முதல் 25 நிமிடம். நிறம் மாறக் கூடாது; வெளிறியே இருக்க வேண்டும். சிவந்துவிட்டால் இளஞ்சிவப்பு ஐசிங் வழியாகப் பழுப்பு தெரியும்.

## தட்டுக்கு மாற்றும்போது கழுத்தும் காலும் வளைகிறது

மாற்றாதீர்கள். பட்டர் பேப்பர் மேலேயே தேய்த்து, இடைவெளி விட்டு வெட்டி, சுற்றியுள்ள மாவை உரித்தெடுத்துவிட்டு, பேப்பரோடு தட்டில் இழுத்து வையுங்கள். பிஸ்கட்டைக் கை தொடவே வேண்டாம்.

## தேய்க்கும்போதே விரிசல்

ஃபிரிட்ஜிலிருந்து இப்போதுதான் எடுத்தீர்களா? பத்து நிமிடம் வெளியே விடுங்கள். அது போதும். விட்டும் விரிந்தால் மைதா கூடிப்போயிருக்கும். ஒரு தேக்கரண்டி பால் தெளித்துச் சேர்த்துப் பாருங்கள். நாப்பொலிதேன் மாவுக்குப் பாலுக்குப் பதில் ஒரு தேக்கரண்டி இளகிய வெண்ணெய்.

## ஓரம் கருகி, நடு பச்சையாக இருக்கிறது

ஒரே தட்டில் பெரிய நட்சத்திரத்தையும் சின்ன இலையையும் சேர்த்து அடுக்கியிருக்கிறீர்கள். சின்னது சின்னதோடு, பெரியது பெரியதோடு.

அளவு ஒன்றாக இருந்தும் இப்படியென்றால் தடிமன் சீராக இல்லை. 5 மில்லிமீட்டர் கனத்தில் இரண்டு மரச்சட்டங்களை மாவின் இருபுறமும் வைத்து, அவற்றின் மேல் பூரிக்கட்டையை ஓட்டினால் மாவு அதற்குக் கீழே இறங்காது. தச்சரிடம் கேட்டால் மிச்சத் துண்டிலேயே சீவிக் கொடுப்பார். டோடோவின் அலகு மட்டும் கருகினால் அதன் மேல் துளி அலுமினியத் தாளைப் பாதி நேரத்தில் போர்த்துங்கள். எப்போதும் தட்டின் ஒரே மூலைதான் கருகுகிறது என்றால் ஓவனில் அந்த மூலை சூடு அதிகம். பாதியில் தட்டைத் திருப்பி வையுங்கள்.

## காத்தோ பத்தாத் எண்ணெயில் வாய் திறக்கிறது

பிஸ்கட் இல்லை, ஆனால் கட்டர் வேலைதான். தீபாவளிக்கு என் இழுப்பறையில் அதிகம் வெளியே வருவது இதற்கான வட்டக் கட்டர். சர்க்கரைவள்ளி மாவை வட்டமாக வெட்டி, தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் ஏலக்காயும் வைத்து, சோமாசி மாதிரி மடித்துப் பொரிப்பது.

வாய் திறந்தால் முதலில் பூரணத்தைக் குறையுங்கள். ஓரத்தில் ஒரு தேங்காய்த் துருவல் ஒட்டியிருந்தாலும் அந்த இடம் மூடாது. அடுத்து, கட்டரை மைதாவில் தோய்த்தீர்களா? பிஸ்கட்டுக்குச் சரி, இதற்கு வேண்டாம். மாவு பூசிய ஓரம் ஒட்டிக்கொள்ள மறுக்கும். கட்டரில் துளி எண்ணெய் தடவித் துடைத்துவிடுங்கள். மூடிய பிறகு முள்கரண்டியால் ஓரத்தை அழுத்துங்கள்.

இன்னும் திறந்தால் கிழங்கில் தண்ணீர். உரித்து நறுக்கி வேகவைத்தால் தண்ணீரைக் குடித்துவிடும். தோலோடு முழுதாக வேகவைத்து, சூடாக இருக்கும்போதே உரித்து மசித்து, ஆறவிட்டு, மாவு சேரும் அளவுக்கு மட்டும் மைதா போடுங்கள். கிழங்குக்குக் கிழங்கு ஈரம் வேறுபடும், ஆகவே இதற்கு கிராம் கணக்கு சொல்ல மாட்டேன். ஒன்றைப் பொரித்துப் பார்த்துவிட்டு மீதியை வெட்டுங்கள்.

## கட்டரே துருப்பிடிக்கிறது, வளைகிறது, இணைப்பு விடுகிறது

கடல்காற்றும் மழையும் உள்ள தீவில் தகரக் கட்டர் துருப்பிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். கழுவித் துணியால் துடைத்தாலும் மடித்த விளிம்புக்குள் ஈரம் தங்கும். பிஸ்கட் எடுத்த பிறகு, அணைத்த ஓவனில் மிச்சச் சூட்டில் கட்டர்களைப் பத்து நிமிடம் வைத்தால் அந்த ஈரமும் போய்விடும். ஸ்டீலுக்கும் தகரத்துக்கும் மட்டும்தான் இந்த வித்தை. பிளாஸ்டிக்கை வைத்துவிடாதீர்கள். த்ரீடி பிரிண்டரில் பி.எல்.ஏ. என்ற பொருளில் செய்த கட்டர் 60 டிகிரி சூட்டிலேயே இளகிவிடும். கொதிநீரில் கழுவினாலும் அது கோணிப்போகும்.

மேலோட்டமான துருவைச் சமையல் சோடாவைக் குழைத்துத் தேய்த்தால் எடுக்கலாம். தகரம் செதிலாக உதிர்ந்தாலோ குழி விழுந்திருந்தாலோ குப்பைக்கு. மனசு கேட்காது, தெரியும். இருந்தாலும் குப்பைக்கு.

பாட்டி, கொள்ளுப்பாட்டி வைத்திருந்த பழைய கட்டரில் இணைப்பு சாம்பல் நிற ஈயப்பற்றாக இருந்தால் அதில் காரீயம் கலந்திருக்கலாம். சுவரில் மாட்டி அழகு பாருங்கள், மாவில் வைக்காதீர்கள்.

இணைப்பு விட்டுப்போன நல்ல கட்டரைப் பசை போட்டு ஒட்டாதீர்கள். தகரப் பட்டறைக்காரரிடம் கொண்டுபோங்கள்; இங்கே ஃபெர்பிளாந்தியே என்று கேட்டால் வழி காட்டுவார்கள், ஆட்கள் குறைந்துகொண்டே வந்தாலும். உணவுக்குப் பயன்படுவது, காரீயமில்லாத பற்றுதான் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஸ்டீல் என்றால் வெல்டிங் பட்டறை.

என் தகர டோடோவும் போன வருடம் கழுத்து இணைப்பு விட்டு ஒரு பட்டறைக்குப் போனது. அந்தப் பெரியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தக் கழுத்தில் மாவு எப்படி இறங்கும்?" என்று என்னையே கேட்டார். பற்றுவைக்கும்போதே கழுத்தையும் அலகையும் குறட்டால் அகட்டிக் கொடுத்தார். இப்போது தலை மாட்டுவதேயில்லை. எங்கள் டோடோ கொஞ்சம் வாத்து மாதிரி இருக்கிறது. பேரப்பிள்ளைகள் அதன் தலையைத்தான் முதலில் கடிக்கிறார்கள்.